100 வாட் காமெடி: லைவ் வெரைட்டி ஷோ எப்படி ஓடுது?

பாட்காஸ்ட்ல நான் சொதப்பினா எடிட்ல தூக்கிடலாம். லைவ் ஷோவில் அந்த வசதி கிடையாது.

காலேஜ்ல எங்க கேம்பஸ் சமுதாய வானொலியில் வாரம் ஒரு மணி நேரம் வெரைட்டி ஷோ பண்ணோம். ஒரு பாட்டு, ஒரு காமெடி ஸ்கிட், திரும்ப பாட்டு. பாட்டு சும்மா நேரத்தை ஓட்ட இல்லை. அந்த நாலு நிமிஷத்துலதான் அடுத்த ஆள் மைக்குக்கு வருவார், சொதப்பின ஸ்கிரிப்டை மாத்துவோம். நம்ம பாஷையில் சொன்னா, பஃபர்.

இந்தியாவோட முதல் கேம்பஸ் சமுதாய வானொலி 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைச்சது. அந்த விதிகள்படி டிரான்ஸ்மிட்டரோட கதிர்வீச்சுத் திறன் (ERP) பொதுவா அதிகபட்சம் 100 வாட். சுத்தி பத்து கிலோமீட்டர் போல கேட்கும். சொந்தமா செய்தி, அரசியல் பேசக் கூடாது. காமெடிக்கு மிச்சம் இருக்கிறது உள்ளூர்க் கதைதான். அங்கதான் சிக்கல்: யாரைக் கிண்டல் பண்றோமோ, அவரே கேட்டுட்டு இருப்பார்.

ஒரு தடவை கேன்டீன் அண்ணனோட சாம்பாரை வெச்சு ஸ்கிட் போட்டோம். மறுநாள் அவர் டீயை வெச்சுட்டு, எங்க முகத்தைக்கூடப் பார்க்காம போயிட்டார். கேன்டீன்ல ரேடியோ ஓடிட்டு இருந்திருக்கு.

அடுத்த வாரம் மன்னிப்பு கேட்டு, அவரையே மைக் முன்னாடி உட்கார வெச்சோம். மனுஷன் எங்க கடன் நோட்டைப் பேரோட லைவ்ல வாசிச்சார்! அந்த வருஷத்துலயே பெரிய சிரிப்பு அதுக்குத்தான்.

அதுக்கப்புறம் ஒரு ரூல் வெச்சோம்: யாரைக் கலாய்ச்சாலும், அடுத்த வாரம் மைக் அவருக்கு.