ஆற்றடியில் ஓர் அடித்தளமும் காற்றழுத்த எந்திரமும்

கொல்கத்தாவையும் ஹௌராவையும் இணைக்கும் ஹூக்ளி ஆற்றுப் பாலத்தைக் கடப்போர் அதன் எஃகுக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்து வியக்கின்றனர். 1943 பிப்ரவரியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டு, 1965-இல் ரவீந்திர சேது எனப் பெயர் பெற்ற இப்பாலத்தில் 26,500 டன் எஃகு அடங்கியுள்ளது. அப்பளு முழுவதையும் தாங்கும் அடித்தளம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதனை அமைப்பதில் அமுக்கப்பட்ட காற்று ஆற்றிய பணியும் பலர் அறியாதது.

மணலைத் தடுத்த காற்று

கோபுரங்களைத் தாங்குவதற்காக ஆற்றின் இரு கரைகளிலும் ஏறத்தாழ 55 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்ட பெருங்கிணறுகள் இறக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் 21 குழிகள் இருந்தன. குழிகளின் அடியிலுள்ள மண்ணை வாரி எடுக்க எடுக்க, கிணறு தன் பளுவாலேயே கீழிறங்கும். ஹௌரா பக்கத்தில் இம்முறையே போதுமானதாயிற்று. கொல்கத்தா பக்கத்தில் நீருடன் கலந்து ஓடிவரும் மணல் குறுக்கிட்டது. இத்தகைய மணலில், தோண்டிய இடம் உடனே நிரம்பிவிடும். சுற்றியுள்ள நிலமும் சரியக்கூடும்.

இதற்குக் கண்ட தீர்வு காற்றழுத்தமே. தோண்டும் அறையை மூடி, வெளியிலுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் நீரும் மணலும் உட்புகா. பத்து மீட்டர் ஆழ நீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். இங்கு சதுர அங்குலத்திற்குச் சுமார் 40 பவுண்டு அழுத்தம் நிலைநிறுத்தப்பட்டது. இது ஏறத்தாழ 28 மீட்டர் ஆழ நீரின் அழுத்தத்திற்குச் சமமாகும். இப்பணியில் சுமார் 500 தொழிலாளர் ஈடுபட்டனர். 1938 நவம்பரில் அடித்தள வேலை நிறைவுற்றது.

பட்டறையில் காற்றழுத்த எந்திரம் நின்றால் வேலை மட்டுமே நிற்கும். ஆற்றடியில் அது நின்றால் அறைக்குள் நீர் புகும். அழுத்தம் திடீரெனக் குறைந்தால் தொழிலாளரின் இரத்தத்தில் கரைந்துள்ள நைட்ரஜன் குமிழிகளாகி, மூட்டு வலி முதல் பக்கவாதம், மரணம் வரை விளைவிக்கும். ஆகவே இவ்வெந்திரத்தின் வடிவமைப்பு உயிர்க்காப்புடன் பிணைந்த ஒன்றாகும்.

பிஸ்டன் எந்திரம் இயங்கும் விதம்

அழுத்தத்தை உண்டாக்குவதில் பிஸ்டன் வகை எந்திரம் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. கிராங்க் தண்டு சுழலும்போது, இணைப்புத் தண்டு பிஸ்டனை முன்னும் பின்னும் செலுத்துகிறது. பிஸ்டன் பின்வாங்கும்போது உறிஞ்சு வால்வு வழியே காற்று சிலிண்டருக்குள் வருகிறது. முன்னேறும்போது அமுக்கப்பட்டு, வெளியேற்று வால்வைத் திறந்துகொண்டு செல்கிறது.

300 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேற்கூறிய அழுத்தத்தில் அதன்மீது ஏறத்தாழ 2 டன் விசை தாக்கும். நிமிடத்திற்கு 300 சுற்று எனில், ஒரு மணி நேரத்தில் 18,000 தடவை இவ்விசை ஏறி இறங்கும். ஒருமுறை தாங்கும் உலோகம், கோடிக்கணக்கான முறை திரும்பத் திரும்பத் தாக்கப்படும்போது களைத்து வெடிப்புறக்கூடும். எனவே தண்டுகளும் மறைகளும் இக்களைப்பைக் கருத்திற்கொண்டே கணக்கிடப்படுகின்றன.

பிஸ்டன் சிலிண்டரின் மூடியில் மோதாதிருக்கச் சிறு இடைவெளி விடவேண்டும். அவ்விடைவெளியில் எஞ்சும் காற்று மீண்டும் விரிந்து, புதிய காற்றுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இடைவெளி சிலிண்டர் கொள்ளளவில் 5 விழுக்காடு எனக் கொண்டால், 40 பவுண்டு அழுத்தத்தில் உறிஞ்சும் திறன் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அழுத்தம் உயர உயர இவ்விழப்பும் கூடும்.

வெப்பமும் ஈரமும்

காற்றை அமுக்கினால் வெப்பம் ஏறும். 35 பாகை செல்சியசில் உள்ள காற்றைக் குளிர்விக்காமல் ஒரே படியில் 40 பவுண்டுக்கு அமுக்கினால், கணக்கின்படி அது சுமார் 175 பாகையை எட்டும். இவ்வெப்பத்தில் மசகு எண்ணெய் சிதைந்து வால்வுகளில் கரி படியலாம். கரிந்த எண்ணெயிலிருந்து நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் உண்டாகலாம். மனிதர் சுவாசிக்கும் காற்றில் இது பேராபத்தாகும். அதே வேலையை இரு சம படிகளாகப் பிரித்து, இடையே காற்றைக் குளிர்வித்தால் வெப்பநிலை 100 பாகைக்குள் அடங்கும். ஆற்றலிலும் ஏறத்தாழ 9 விழுக்காடு மிச்சமாகும்.

கொல்கத்தாவின் ஈரக் காற்று மற்றொரு சிக்கலைத் தருகிறது. 35 பாகையில் ஈரப்பதம் 80 விழுக்காடாயின், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 32 கிராம் நீராவி இருக்கும். அக்காற்றை அமுக்கி மீண்டும் 35 பாகைக்குக் குளிர்வித்தால், அதில் 20 கிராமுக்கு மேல் நீராகப் பிரியும். அந்நீரை அவ்வப்போது வடித்துவிடாவிடில் குழாய்களில் துரு ஏறும். இரண்டாம் படி சிலிண்டருக்குள் நீர் புகுந்தால் எந்திரமே உடையலாம்.

பாலத்திலிருந்து மெட்ரோ வரை

கொல்கத்தாவில் இவ்வனுபவம் பாலத்தோடு முடிந்துவிடவில்லை. 1994-இல் திறக்கப்பட்ட பெல்காச்சியா–ஷியாம்பஜார் மெட்ரோ பகுதியின் சுரங்கமும் காற்றழுத்த முறையில் தோண்டப்பட்டதே. 2017-இல் ஹூக்ளியின் அடியில் சுரங்கம் அமைத்த எந்திரங்கள், தோண்டிய மண்ணின் அழுத்தத்தைக் கொண்டே நிலத்தைத் தாங்கின. அவ்வகை எந்திரங்களிலும் வெட்டுமுகத்தைப் பழுதுபார்க்க மனிதர் உட்செல்ல நேரும்போது, பெரும்பாலும் அமுக்கிய காற்றே துணை நிற்கிறது. 2019-இல் பௌபஜாரில் சுரங்கத்திற்குள் நிலத்தடி நீர் புகுந்து, மேலிருந்த வீடுகள் இடிந்த நிகழ்ச்சி, இந்நகரின் நிலம் இன்றும் எத்துணை எச்சரிக்கையைக் கோருகிறது என்பதை உணர்த்தியது.

எந்திரம் வாங்கும் அலுவலர்கள் குதிரைத்திறனையும் விலையையும் மட்டும் ஒப்பிடுதல் போதாது. தேவையான அழுத்தத்தில் நிமிடத்திற்கு எவ்வளவு காற்று கிடைக்கும், எத்தனை பாகை வெப்பத்தில் வெளிவரும், ஈரம் எவ்வாறு பிரிக்கப்படும், வால்வும் வளையமும் உடனே கிடைக்குமா என்பனவற்றையும் வினவ வேண்டும். மனிதர் அழுத்தக் காற்றில் வேலை செய்யும் இடமாயின், மாற்று எந்திரமும் தனி மின்வழியும் இன்றியமையாதவை. இவற்றிற்காகும் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும். பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவைப்பது, கீழே வேலை செய்வோரின் உயிரைப் பணயம் வைப்பதாகும்.