தாத்தா நாய்க்குத் தைரியம் சொல்லுங்கள்!

குட்டீஸ், செஞ்சிக் கோட்டை என்றதும் உங்களுக்கு யார் நினைவு வரும்? 1714-ல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதி உயிர்விட்ட ராஜா தேசிங்கும், அவரது குதிரையும்தானே! இன்று செஞ்சியில் நம் வீட்டு வாசலில் காத்திருப்பது குதிரையல்ல, நாய்.

கோடை விடுமுறை முழுக்க உங்களோடு இருந்த நாய், பள்ளி திறந்ததும் தனியாகிவிடும். இளம் நாய் பெரும்பாலும் சில நாளில் பழகிக்கொள்ளும். வயதான நாயோ ஊளையிடும், கதவைப் பிறாண்டும், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கும். இது சேட்டை அல்ல, பயம்!

பெரிய நாய்களுக்கு ஏறத்தாழ 7 வயதிலும், சிறிய நாய்களுக்கு 10 வயதிலும் முதுமை தொடங்குகிறது. கண்ணும் காதும் மங்கும்போது, பழகியவர் அருகில் இல்லாவிட்டால் அது கலங்கிப்போகும்.

என்ன செய்யலாம்?

* பள்ளி திறக்கும் முன்பே பழக்குங்கள். முதலில் 2 நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள். பிறகு 5, 10, 30 நிமிடம் என்று கூட்டுங்கள்.

* கிளம்பும்போது கட்டிப்பிடித்துக் கொஞ்சாமல், அமைதியாகப் புறப்படுங்கள்.

* நீங்கள் உடுத்திய, துவைக்காத பழைய சட்டையை அதன் படுக்கையில் போடுங்கள். உங்கள் வாசனையே அதற்குத் துணை.

* செஞ்சியின் பாறை மலைகள் வெயிலில் கொதிக்கும். அதனால் காலையிலேயே மெதுவாக நடத்திச் செல்லுங்கள். நிழலில் தண்ணீர் வையுங்கள்.

அடிக்கவே கூடாது, பயம் இன்னும் கூடும். திடீரென்று இப்படி மாறினால் மூட்டுவலியோ, மூளைத் தளர்ச்சியோ காரணமாக இருக்கலாம். அப்பா, அம்மாவிடம் சொல்லி கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இத்தனை வருடம் உங்களுக்காக வாசலில் காத்திருந்த நாய் அது. 'நான் திரும்பி வருவேன்' என்று அதற்குப் புரிய வைப்பது இனி உங்கள் முறை!