போலியோ கிருமி அறுக்கும் கொக்கி

“நாட்டுலதான் போலியோவே இல்லேங்கிறாங்களே வைத்தியரய்யா, பேரனுக்கு எதுக்கு இன்னும் சொட்டு மருந்து?” என்று என்னிடம் கேட்டார் ஒரு பாட்டி. நியாயமான கேள்வி. இதற்குப் பதில், உடம்பில் புரதம் உண்டாகிற இடத்தில் இருக்கிறது.

நீங்கள் சாப்பிடும் பருப்பும் முட்டையும் அப்படியே தசையாகி விடுவதில்லை. செரித்து அமினோ அமிலங்களாகப் பிரிந்து செல்களுக்குப் போகின்றன. அங்கே ரைபோசோம் என்கிற நுண்ணிய பட்டறை அவற்றை மறுபடி கோர்க்கிறது. எந்த வரிசையில் கோர்ப்பது என்று சொல்லும் சீட்டுதான் தூது ஆர்.என்.ஏ.

சீட்டு வந்த உடனே ரைபோசோம் ஓடிவந்து உட்காராது. சீட்டின் தலையில் ஒரு குல்லாய் உண்டு. ‘4ஈ’ என்ற புரதம், குவித்த உள்ளங்கை போன்ற தன் குழிவில் அந்தக் குல்லாயைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து ‘4ஜி’. நீளமான புரதம் இது. ஒரு முனையில் 4ஈ-யைப் பற்றிக்கொண்டு, மறுபக்கம் இன்னொரு புரதத்தின் மூலம் ரைபோசோமின் சின்னப் பாதியை இழுத்து வரும். ரயில் பெட்டிகளை இணைக்கிற கொக்கி மாதிரி! சின்னப் பாதி சீட்டை வருடிக்கொண்டே போய், ஏ.யு.ஜி. என்ற மூன்றெழுத்தைக் கண்டதும் நிற்கும். பெரிய பாதியும் வந்து சேர, மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தோடு வேலை ஆரம்பமாகிறது.

போலியோ கிருமி கை வைப்பது இந்தக் கொக்கியில்தான். அதன் நொதி ஒன்று 4ஜி-யை இரண்டாக நறுக்கிவிடுகிறது. செல்லின் சொந்தச் சீட்டுகள் அப்படியே கிடப்பில் கிடக்கும். கிருமியின் ஆர்.என்.ஏ.வுக்கோ குல்லாயே கிடையாது. அதன் முன்பகுதி மடிந்து மடிந்து ஒரு வடிவமெடுத்து, அறுந்த கொக்கியின் பின்பாதியைக் கொண்டே ரைபோசோமை வரவழைத்துவிடும். என்ன சாமர்த்தியம் பாருங்கள்! கனடாவின் பெல்லட்டியரும் சோனன்பெர்கும் 1988-ல் இந்தக் குறுக்கு வழியை வெளிப்படுத்தினார்கள்.

சொட்டு மருந்தில் இருப்பதும் உயிருள்ள கிருமிதான், வலுவிழந்தது. சாபின் உருவாக்கிய மூன்று வகைகளிலுமே இந்த மடிப்பில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. வேறு சில மாற்றங்களும் உண்டு. அதனால் குடலில் பெருகி எதிர்ப்புச் சக்தி தருகிற கிருமி, நரம்பு செல்லில் புரதம் செய்யத் திணறுகிறது. மருந்து போடாத குழந்தைகள் நிறைய இருக்கிற ஊரில் இது பல காலம் சுற்றினால், மிக அபூர்வமாக அது பழைய வலுவைத் திரும்பப் பெற்றுவிடலாம். எல்லாருக்கும் போடச் சொல்வது அதற்காகவும்தான்.

இந்தியாவில் இயற்கைப் போலியோ கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில், ஹவுராவில். 2014 மார்ச்சில் சான்றிதழும் கிடைத்தது. ஆனால் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் இன்னும் ஒழியவில்லையே! அறுந்த கொக்கியை ஒட்டவைக்க என்னிடம் சூரணமும் இல்லை, அலோபதியில் மாத்திரையும் இல்லை.

பேரனுக்கு ஒன்றரை வயது. பூஸ்டர் சொட்டு பாக்கி. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டுப் போனார் பாட்டி.