தலையால் முட்டும் பந்து

கால்பந்து ஆட்டத்தில் 410 முதல் 450 கிராம் எடையுள்ள பந்து நெற்றியில் வந்து மோதும்போது, மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் மூளை ஒரு கணம் குலுங்குகிறது. மயக்கம் தராத இச்சிறு அதிர்வுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் நரம்பணுக்கள் மெல்லச் சிதைந்து நினைவிழப்பு வரக்கூடும் என்பதே மருத்துவர்களின் கவலை. இங்கிலாந்து வீரர் ஜெஃப் ஆஸ்டில் 2002-இல் 59 வயதில் இறந்தபோது, அது தொழில்வழி வந்த நோய், அதாவது பந்தை முட்டி முட்டியே நேர்ந்த மரணம் என்று விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015-இல் 10 வயது வரையிலான சிறுவர்களுக்கு பந்தைத் தலையால் முட்டுவதைத் தடை செய்தது. பெரியவர்களுக்கும் தடை விதித்தால் இந்திய வீரர் சுனில் சேத்ரி போன்றோர் காட்டிய அரிய கலை அழிந்துவிடும், அத்தகைய தடை தேவையற்றது. ஆனால், கழுத்துத் தசை வலுப்பெறாத பிள்ளைகளை, அரியலூர், பெரம்பலூர் பள்ளித் திடல்களிலும் பயிற்றுநர்கள் காலால் மட்டுமே ஆடப் பழக்க வேண்டும்.