பெரிய மீன் தொட்டி: கண்ணாடியா, சிமென்டா?

வண்ண மீன் வளர்ப்பவர்களுக்கு நான்கைந்து ஆண்டுகளில் பெரிய தொட்டி மீது ஆசை வந்துவிடும். ஆசை மட்டுமல்ல, அது தேவையும்கூட. விரல் நீளத்தில் வாங்கிவரும் சில்வர் அரோவனா வளர்ந்தால் 3 அடியை நெருங்கும். கோய் கெண்டை 2 அடியைத் தாண்டும். சிறிய தொட்டியில் இவற்றால் உடலைத் திருப்பக்கூட முடியாது.

தொட்டி கட்டக் கிளம்புபவர்கள் முதலில் கேட்பது, ‘கண்ணாடி எத்தனை மி.மீ. போடலாம்?’ என்பதுதான். அதற்கு முன்பு முடிவு செய்ய வேண்டியது தண்ணீரின் ஆழம்.

ஆழம்தான் கணக்கு

தொட்டிச் சுவரைத் தண்ணீர் தள்ளும் விசை ஆழத்தைப் பொறுத்தது. 2 அடி ஆழத்தில், ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் தண்ணீர் சுமார் 185 கிலோ விசையோடு வெளியே தள்ளும். 3 அடியானால் இதுவே 420 கிலோ. ஆழம் ஒன்றரை மடங்கு கூடினால், விசை இரண்டேகால் மடங்கு கூடுகிறது. கண்ணாடியின் தடிமனும் செலவும் அதற்கேற்ப ஏறும். ஆனால், தொட்டியின் அகலத்தை 2 அடியிலிருந்து 4 அடியாக்கினாலும் முன்பக்கக் கண்ணாடி மீது விழும் விசை மாறாது.

பெரிய மீனுக்கு வேண்டியது நீந்த நீளமும் திரும்ப அகலமும்தான். எனவே ஆழத்தை இரண்டு, இரண்டரை அடியோடு நிறுத்தி, அகலத்தைக் கூட்டுவதே லாபம்.

மாடியில் வைக்கலாமா?

8 அடி நீளம், 3 அடி அகலம், இரண்டரை அடி ஆழம் உள்ள தொட்டி சுமார் 1,700 லிட்டர் கொள்ளும். தண்ணீரின் எடை மட்டும் 1.7 டன். வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்ற கணக்கில் வடிவமைக்கிறார்கள். இந்தத் தொட்டியின் தண்ணீரோ சதுர மீட்டருக்கு 760 கிலோ. கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் மாடியில் வைக்கக் கூடாது. தரைத்தளத்தில் கெட்டித்த மண் மீது கான்கிரீட் போட்டு அமைப்பதே பாதுகாப்பு.

எந்தப் பொருள் எதற்கு?

கண்ணாடியில் எளிதில் கீறல் விழாது, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் கனம் அதிகம், 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ இருக்கும். அக்ரிலிக் அதில் பாதி எடைதான்; சட்டென்று உடையாது. ஆனால் எளிதில் கீறும், விலையும் அதிகம். டஃபன்டு கண்ணாடி வாங்கினால், குழாய்க்கான துளையை முன்பே போட்டு வாங்க வேண்டும். பிறகு துளையிட்டால் நொறுங்கிவிடும்.

ஃபைபர் தொட்டி இலகுவானது, துருப்பிடிக்காது. ஆனால் மேலிருந்துதான் மீனைப் பார்க்க முடியும். பிளைவுட்டில் கட்டுவதாக இருந்தால் மரைன் பிளைவுட் எடுத்து, உட்புறம் முழுக்க எபாக்ஸி பூச வேண்டும். கரையான் உள்ள வீட்டில் அந்த யோசனையே வேண்டாம்.

நம் வீடுகளுக்குப் பொருத்தமானது, மூன்று பக்கம் கம்பி கட்டிய கான்கிரீட், பார்க்கும் பக்கம் மட்டும் கண்ணாடி. கண்ணாடியைச் சட்டத்தின் உட்புறம் பொருத்த வேண்டும். அப்போது தண்ணீரின் அழுத்தமே அதைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும். வெறும் சிமென்டில் சிலிகான் சரியாக ஒட்டாது. அந்த இடத்தில் எபாக்ஸி பூசி, காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். குளியலறைக்கான பூஞ்சைத் தடுப்பு சிலிகானை வாங்காதீர்கள், அதிலுள்ள மருந்து மீனைக் கொல்லும். செம்பு, பித்தளை, ஜி.ஐ. குழாய்களும் ஆகாது, பி.வி.சி. போதும்.

சுண்ணாம்பு போகும்வரை பொறுமை

புது சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து, தண்ணீரின் பி.எச். அளவு 11-க்கு மேலும் போகும். அதில் விட்ட மீன் பிழைக்காது. தண்ணீர் நிரப்பி, சில நாள் ஊறவிட்டு வடித்து, மறுபடி நிரப்ப வேண்டும். இப்படி மூன்று, நான்கு வாரம் செய்யலாம். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைப்பது பண்ணையாளர்களின் வழக்கம். எதைச் செய்தாலும் கடைசியில் பி.எச். பார்த்து, 8.5-க்குக் கீழே வந்து, சில நாள் அப்படியே நின்றால் மட்டும் மீன் விடுங்கள்.

சிலிகான் முழுதாக இறுக ஒரு வாரமாவது ஆகும். பிறகு முதல் நாள் கால் தொட்டி, மறுநாள் அரைத் தொட்டி என்று படிப்படியாக நிரப்பி, ஒரு வாரம் மீனில்லாமல் வையுங்கள். கசிவு இருந்தால் இந்த நாட்களிலேயே தெரிந்துவிடும். தண்ணீரை வடித்துச் சரிசெய்வதோடு வேலை முடிந்துவிடும். ஒரு மீனும் சாகாது.