மைக்ராஸ்கோப் படங்களை அளக்க இமேஜ்ஜே

ஆய்வுக்கூடத்திற்குப் புதிய மைக்ராஸ்கோப் கேமரா வந்துவிட்டதா? படத்தில் உள்ள செல்களை அளக்க இமேஜ்ஜே என்னும் இலவச சாஃப்ட்வேர் உதவும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் வேன் ராஸ்பேண்ட் உருவாக்கிய இது, 1997ல் வெளியானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும்.

மெனுக்களைக் கண்டு மிரள வேண்டாம். ஃபைல் மெனுவில் ஓப்பன் சாம்பிள்ஸ் சென்று, அங்குள்ள மாதிரிப் படங்களில் முதலில் பழகுங்கள். உங்கள் படங்களில் வேலை செய்கையில் ஒரிஜினலைத் தொடாமல், காப்பி எடுத்துப் பயன்படுத்துங்கள்.

இமேஜ்ஜேவுக்கு பிக்ஸல்தான் தெரியும், மைக்ரான் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். அளவுக்கோடுகள் உள்ள ஸ்லைடைப் படம் எடுத்துத் திறக்கவும். 100 மைக்ரான் நீளத்திற்கு அதன் மேல் கோடு வரையவும். அனலைஸ் மெனுவில் செட் ஸ்கேல் கிளிக் செய்து, நோன் டிஸ்டன்ஸ் கட்டத்தில் 100 எனவும், யூனிட் கட்டத்தில் மைக்ரான் எனவும் டைப் செய்திடவும். குளோபல் என்பதில் டிக் செய்தால் எல்லாப் படங்களுக்கும் இதே அளவு பொருந்தும்.

ஆபத்தும் இங்கேதான்! என் நண்பர் 10எக்ஸ் லென்ஸுக்கு இப்படி அமைத்துவிட்டு, 40எக்ஸ் லென்ஸில் படம் எடுத்தார். 10 மைக்ரான் செல் 40 மைக்ரான் எனக் காட்டியது. எந்த எர்ரர் செய்தியும் வரவில்லை. இரண்டு வார வேலை வீண்.

எனவே லென்ஸ் மாற்றும்போதெல்லாம், அளவு தெரிந்த ஒன்றை முதலில் அளந்து பாருங்கள். விடை சரியாக வந்தால் மட்டும் மேலே தொடருங்கள்.