மணல் தடத்தில் பழைய மினி லாரி: அச்சு முறுக்கைத் தடுக்க ஒரு தாங்கு தண்டு

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில் தை, மாசி பிறந்துவிட்டால் உப்பளத்திலும் தர்பூசணிக் கொல்லையிலும் ஒரே சமயத்தில் வேலை சூடு பிடிக்கும். உப்பு மூட்டையோ, பழமோ, சவுக்குக் கட்டையோ, எதுவாயினும் பாத்திக் கரையையும் மணல் தடத்தையும் தாண்டித்தான் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து சேர வேண்டும். இதற்குச் சிறு விவசாயிகளுக்குக் கட்டுப்படியாவது கைமாறிய ஜீப், பிக்கப், 1986-இல் வெளிவந்த டாடா 407 போன்ற கமான் பட்டை வண்டிகளே. பாரத்துடன் மணலில் கிளப்பும்போது இவற்றின் பின்பக்கம் குதிப்பதும், அடியில் 'டங்' என்று சத்தம் கேட்பதும், கிராஸ் ஜாயிண்ட் அடிக்கடி தேய்வதும் உண்டு. பழம் ஏற்றிய நாளில் கிராஸ் முறிந்தால் நஷ்டம் உதிரிப் பாகத்தோடு நிற்காது.

பட்டை ஏன் நெளிகிறது?

எஞ்சின் பின் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது அச்சுக்கூடு எதிர்த்திசையில் சுழல முயலும். அதன் மூக்கு மேலே எழும். இதைத் தடுத்து நிறுத்துவது கமான் பட்டை மட்டுமே. பட்டை பாம்புபோல் நெளிந்து, சக்கரத்தின் பிடி நழுவியதும் சட்டென்று நிமிரும், மீண்டும் நெளியும். குதிப்புக்கு இதுவே காரணம்.

இது புதிய தொல்லையல்ல. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில், முன் இடப்பக்கக் கமானுக்கு அடியில் இம்முறுக்கைத் தாங்கவே ஒரு துணை வில் வைத்தனர். அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டு ஷெல்பி ஜி.டி.350 காரின் பின் அச்சுக்குத் தனித் தண்டுகளே பொருத்தினர். ஆங்கிலத்தில் 'டிராக்ஷன் பார்' எனப்படும் இத்தண்டை நல்ல வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

முதலில் பார்க்க வேண்டியவை

தண்டுக்குச் செலவிடுமுன் யூ போல்ட்டு தளர்ந்துள்ளதா, சென்டர் போல்ட்டு அறுந்துள்ளதா, கமான் புஷ் தேய்ந்துள்ளதா, பட்டைகளுக்கிடையே உப்புத் துரு ஏறியுள்ளதா என்று பார்க்க வேண்டும். பல வண்டிகளில் குறை இங்கேயே தீர்ந்துவிடும். மணலில் சக்கரம் புதைவதற்கும் இத்தண்டு மருந்தல்ல. அதற்குப் பாரத்தைக் குறைத்து, டயரில் காற்றைச் சற்று இறக்கி மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். தார்ச்சாலை ஏறுமுன் காற்றை மீண்டும் நிரப்பிவிட வேண்டும்.

செய்யும் முறை

யூ போல்ட்டுகளுக்கு அடியிலுள்ள தட்டுக்குப் பதிலாகக் கனமான தட்டு ஒன்றை வெட்டி, அதன் முன்னும் பின்னும் காது வைக்க வேண்டும். தண்டின் பின்முனை இவ்விரு காதுகளிலும் போல்ட்டால் இறுக வேண்டும். ஒரே போல்ட்டில் மாட்டினால் அச்சு அதைச் சுற்றித் திரும்பும், தண்டால் பயனில்லை. தடித்த சுவருள்ள சீம்லெஸ் குழாய் ஏற்றது. தண்ணீருக்குப் போடும் ஜி.ஐ. குழாய் ஆகாது, அதை வெல்டிங் செய்யும்போது எழும் துத்தநாகப் புகையும் கெடுதல்.

தண்டின் முன்முனை கமானின் முன் கண்ணுக்கு அருகில் வரலாம். இங்கேதான் பலர் தவறிவிடுகின்றனர். கமான் ஏறி இறங்கும்போது அச்சு சற்று முன்னும் பின்னும் நகரும். முன்முனையைச் சேஸில் அசையாமல் பூட்டிவிட்டால் தண்டும் கமானும் ஒன்றையொன்று இழுத்து, ஏதேனும் ஒன்று முறியும். எனவே ஊஞ்சல்போல் ஆடும் சிறு ஷாக்கிள் ஒன்றில், ரப்பர் புஷ் வைத்துத்தான் மாட்ட வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு தண்டு போதும். இரு பக்கமும் போட்டால் மேடு பள்ளமான கரையில் அச்சு தாராளமாகச் சாயாது.

நீளமும் முக்கியம். எஞ்சினின் முறுக்கு 15 கிலோ-மீட்டர், முதல் கியரில் 4 மடங்கு, பின் அச்சில் 5 மடங்கு என்று வைத்துக்கொண்டால் அச்சில் 300 கிலோ-மீட்டர் முறுக்கு விழும். தண்டு 1 மீட்டர் நீளமானால் அதன் முன்முனை சேஸை மேல்நோக்கி 300 கிலோ விசையுடன் தள்ளும். அரை மீட்டரானால் அதுவே 600 கிலோ. சிக்கனம் பார்த்துக் குட்டைத் தண்டு போட்டால் சேஸ் விரிசல் விடும்.

கமான் பட்டையில் எக்காரணம் கொண்டும் வெல்டிங் வைக்கக் கூடாது. சூட்டில் எஃகின் பதம் போய்விடும். சேஸின் மேல், கீழ் விளிம்புகளிலும் துளையிடாமல், நடுப்பக்கத்தில் தட்டு வைத்து போல்ட்டால் பிடிக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆவது பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டால் தகுதிச் சான்று வாங்கும்போது சிரமம் இராது.

உப்புக் காற்றில் முதலில் துருப்பிடிப்பது வெல்டிங் தையல்தான். அதைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ரெட் ஆக்சைடு பூசி, மேலே பெயிண்ட் அடிக்க வேண்டும். குழாயின் இரு முனைகளையும் அடைத்துவிட வேண்டும். உப்பு ஏற்றிய நாளில் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது அவசியம். புதுத் தண்டுடன் ஓரிரு நடை சுமை ஓட்டியபின் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, ஷாக்கிள் தடையின்றி ஆடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.